ஏற்காட்டு இறக்கமும் சிறிய காரின் பிரேக்கும்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பும் ஏற்காடு சாலை, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவையும் கோரிமேட்டையும் தாண்டி அடிவாரச் சோதனைச்சாவடி வரைக்கும் சாதாரண ஊர்ச்சாலைதான். அதற்குமேல் சேர்வராயன் மலை தொடங்குகிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டிய உயரத்திலும், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டரிலும் உள்ளன. இடையிலுள்ள மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளோடும் வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளோடும் பார்த்தால் இது எளிய பாதை என்றே தோன்றும். ஆனால் சென்னை, பெங்களூரு, ஈரோடு, கோவை என்று சமவெளியில் ஓடிப் பழகிய சின்னக் கார்கள், ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு சனி ஞாயிறுகளில் வந்துபோகும் பாதையும் இதுதான். பிரேக்கை மாற்றலாமா, பெரிது பண்ணலாமா என்ற கேள்வி பல கார்க்காரர்களுக்கு முதன்முதலில் எழுவது இப்படியொரு மலையிலிருந்து இறங்கி வந்த பிறகே.

கேள்வியின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார், மலைச்சாலையில் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 98 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். அது முழுவதும் வெப்பமானால் 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். இதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு டயர் உருள்வதிலேயே செலவாகிறது. மெதுவாக இறங்கும் காரில் காற்று வாங்கிக்கொள்வது சொற்பம். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் காரின் முன்சக்கர டிஸ்க்குகள் இரண்டும் சேர்ந்தாலே எட்டுப் பத்துக் கிலோ இரும்புதான். எஞ்சினுக்கு வேலை கொடுக்காமல் மொத்தத்தையும் அந்த இரும்பின் தலையில் சுமத்தினால், காற்று எவ்வளவு வேகமாக ஆற்றுகிறது என்பதை நம்பித்தான் உயிர் பிழைக்க வேண்டும். ஏற்காட்டு இறக்கத்தில் பிரேக்கின் வரலாறு என்பது இந்த வெப்பத்தை யார் சுமப்பது என்ற வரலாறு.

மோட்டார் வருவதற்கு முன்பு அதை உயிருள்ளவை சுமந்தன. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலையில் காப்பிப் பயிரையும் ஆரஞ்சு, பேரி முதலிய பழமரங்களையும் கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டு வரலாற்றின் முதல் வரி. காப்பி பெருகியபின் தோட்டக்காரர்களும், வெயிலுக்குப் பயந்த அதிகாரிகளும் மேலே வரத் தொடங்கினார்கள். குதிரையில் வந்தவர்கள் உண்டு; நாற்காலியில் உட்கார்ந்து ஆட்கள் தூக்க வந்தவர்களும் உண்டு. மலையில் வழிவழியாக வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களுக்கு ஒற்றையடிப் பாதைகளே போதுமானவையாக இருந்தன. சரக்கு தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும் இறங்கியது. சுமந்தவரின் முழங்காலும் மாட்டின் குளம்புமே பிரேக். 1860களின் தொடக்கத்தில் ரயில் சேலத்தை எட்டியதும் கீழே இறக்க வேண்டிய சரக்கு கூடியது. வண்டிப்பாதையின் தேவையும் அதோடு கூடியது.

கட்டைவண்டி சமவெளிக்குப் பிறந்தது. அதில் பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது. சரிவில் பாரம் முன்னே தள்ளும்போது நுகத்தடி மாட்டின் திமிலைவிட்டு முன்னே நழுவி, கழுத்துக்கயிறு இறுகும். மாடு பின்வாங்கிக் கால் ஊன்றினால்தான் வண்டி நிற்கும். கனமான இறக்கங்களில் வண்டிக்குப் பின்னால் ஒரு மரத்துண்டைக் கட்டி இழுபடவிடுவதும், சக்கரத்தின் மேல் கட்டையை அழுத்திக் கயிற்றால் இறுக்குவதும் பல மலைப்பகுதிகளில் கையாண்ட உபாயங்கள். தமிழ்நாட்டில் பிரேக் பிடிப்பதை ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்த்தவர்கள் கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள். நகரும் சக்கரத்தின் கீழே சரியான கணத்தில் சரியான கோணத்தில் கட்டையைச் செருகி, டன் கணக்கான தேரை நிறுத்தவும் திருப்பவும் அவர்களால் முடியும். தவறினால் கை போகும், உயிர் போகும். திருச்சி பெல் நிறுவனம் திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் தேரோடு நடக்கிறார்கள்.

நவீன பிரேக் லைனிங் பிறந்ததும் ஒரு மலைச்சரிவில்தான். இங்கிலாந்தின் டெர்பிஷயர் குன்றுகளில் குதிரைவண்டிக்காரர்கள் இறக்கத்தில் மரப் பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே பழைய பூட்ஸ் தோலைச் செருகுவதை ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் கவனித்தார். வெறும் மரத்தைவிட அது நன்றாகப் பிடித்தது. அதிலிருந்து 1897 முதல் அவர் செய்த சோதனைகள், பின்னர் ஃபெரோடோ என்ற பெயரில் உலகெங்கும் பரவிய உராய்வு லைனிங்குகளில் கொண்டுவந்து சேர்த்தன. தமிழ்நாட்டில் அதே காலத்தில் சரிவைப் பற்றி மிகக் கவனமாகச் சிந்தித்தவர்கள் ரயில்காரர்கள். 1899இல் குன்னூர் வரை திறந்த நீலகிரி மலை ரயிலில் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி என்ற அளவுக்குச் சரிவு உண்டு. அதில் எஞ்சின் பிடிக்கும் பிரேக்கை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நின்று, டிரைவரின் விசிலுக்கு ஏற்ப அந்தப் பெட்டியின் பிரேக்கை இறுக்கித் தளர்த்துகிறார். சுமையை ஓரிடத்தில் குவிக்காமல் பல இடத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் இந்த முறை, சாலையில் இறங்கும் மோட்டாருக்கும் பொருந்தும் என்பது மெதுவாகத்தான் விளங்கியது.

ஆரம்பகால மோட்டார் கார்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும் இருந்தது. இறக்கத்தில் வண்டியின் எடை முன்னே சாயும்; பின்சக்கரம் இலகுவாகும். பிடிக்க வேண்டிய இடத்தில் பிரேக் இல்லை, பிரேக் இருந்த இடத்தில் பிடி இல்லை என்ற நிலை. டிரம், டிஸ்க் இரண்டு யோசனைகளுமே ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தவை: பிரான்சில் லூயி ரெனோ உள்ளிருந்து விரியும் டிரம் பிரேக்கைச் செம்மைப்படுத்தியதும், இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியதும் 1902இல். டிரம் வென்றது. புழுதியும் சேறும் உள்ளே போகாமல் மூடி வைக்கலாம். டிரம்மை உள்ளிருந்து தேய்க்கும் ஷூ தன்னைத் தானே டிரம்மோடு இழுத்துக்கொண்டு இறுகுவதால் காலில் அவ்வளவு பலமும் வேண்டாம். சிறிய கார் என்ற வகையையே மக்களுக்குப் பழக்கிய ஆஸ்டின் செவன் 1922இல் வந்தபோது நான்கு சக்கரத்திலும் பிரேக் இருந்தது. ஆனால் கால்பெடல் பின்சக்கரத்தையும் கைலீவர் முன்சக்கரத்தையும் தனித்தனியே பிடித்தன. கம்பியும் கேபிளும் இழுத்த அந்தப் பிரேக்குகளில் நான்கு சக்கரத்தையும் ஒரே அளவாகப் பிடிக்க வைப்பதே பெரிய பாடு. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் காரில் மால்கம் லாக்ஹெட்டின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகு அந்தச் சிக்கல் தீரத் தொடங்கியது. குழாய்க்குள் இருக்கும் திரவம் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும். கூடவே மலைக்குரிய ஒரு புதிய ஆபத்தும் காருக்குள் நுழைந்தது: திரவம் கொதிக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய மலைகளில் ஏறிய கார் என்றால் மூன்றுதான். உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபியட், சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த ஹெரால்டு. மூன்றிலும் அப்போது நான்கு சக்கரத்திலும் டிரம்தான். பெடலுக்குத் துணையாக வேக்குவம் பூஸ்டரும் கிடையாது. கால்பலம்தான் பிரேக் பலம். ஏற்காட்டிலிருந்து இறங்கும் அப்படியொரு காரின் டிரம்முக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. பிறை வடிவ ஷூக்கள் இரண்டும் விரிந்து டிரம்மின் உட்சுவரைத் தேய்க்கின்றன. வெப்பம் வெளியேற வழியில்லாமல் டிரம்முக்குள்ளேயே தேங்குகிறது. சூடேறிய டிரம் விரிகிறது. விரிந்தால் அது ஷூவைவிட்டு விலகிப்போகிறது. அதே பிடிக்கு இப்போது பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும். லைனிங்கைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் பிசின் சூட்டில் வாயுவாகி, லைனிங்குக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு படலமாகி வழுக்குகிறது. கருகும் வாசனை உள்ளே வரும்போது ஓட்டுநர் இன்னும் அழுத்தி மிதிப்பார். மிதிக்க மிதிக்கச் சூடு கூடும். பத்தாவது வளைவில் பிடித்த பிரேக் அடுத்த சில வளைவுகளுக்குள் பிடிக்காமல் போவது இப்படித்தான். வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரம் நிறுத்தினால் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி பிடிக்கும். அதனாலேயே பலர் அதை ஒரு பழுதாக எண்ணாமல் விட்டார்கள்.

அந்தத் தலைமுறை ஓட்டுநர்கள் பிரேக்கை மாற்றவில்லை; இறங்கும் முறையை மாற்றினார்கள். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது அவர்கள் வாயில் வேதவாக்கு. இரண்டாவது கியரில் வண்டி இறங்கும்போது சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் எஞ்சினின் திராட்டில் மூடிக்கொள்வதால், ஒவ்வொரு பிஸ்டனும் காற்றில்லாத வாயை உறிஞ்சித் திணறுகிறது. அந்தத் திணறலே வேகத்தைக் கட்டும். அதில் வரும் வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டரும் எண்ணெயும் ஏற்கெனவே இருக்கின்றன. நீலகிரி ரயிலில் பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்த சுமையை இங்கே பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நீளமாகத் தேய்க்காமல் ஒருமுறை அழுத்திப் பிடித்து விட்டுவிடுவதும் அதே அறிவின் பகுதி. பிடிக்காத நேரத்தில்தானே டிரம்முக்குக் காற்று படும்.

எல்லாப் பழக்கமும் நல்ல பழக்கமாக இருந்துவிடவில்லை. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதும், எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவதும் ஊரெல்லாம் பரவியிருந்தன. கார்பரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் பெட்ரோல் மிஞ்சியது உண்மை. இன்றைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின், கியரில் இறங்கும்போது பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலில் ஓட அதற்குப் பெட்ரோல் வேண்டும். ஆகவே நியூட்ரலில் இறங்குகிறவர் ஆபத்தையும் வாங்கி, பெட்ரோலையும் செலவழிக்கிறார். சூடான டிரம்மில் கிளீனர் வாளித் தண்ணீரை ஊற்றுவது லாரிகளிலிருந்து கார்களுக்கும் வந்த பழக்கம். வார்ப்பிரும்பு அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். இவற்றைவிடக் கொடியது பட்டறையில் நடந்தது. அந்தக் கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதித் தள்ளுவதே மெக்கானிக்கின் முதல் வேலை. நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் அந்த இழைகளை, மலை இறங்கிவந்த ஒவ்வொரு காரின் பிரேக்கையும் சரிசெய்தவர்கள் மூக்கைக்கூட மூடாமல் சுவாசித்தார்கள். நாட்டின் பிரேக் வரலாற்றில் இன்னும் கணக்குத் தீர்க்கப்படாத பக்கம் அது.

இந்தியாவின் பிரேக் தொழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் வளர்ந்தது. மதுரையில் பேருந்துத் தொழிலோடு தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் குடும்ப நிறுவனமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாக 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. 1964இல் ரானே பிரேக் லைனிங், 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங் என்று தொடர்ந்து வந்தன. மாஸ்டர் சிலிண்டரிலும் பிரேக் ஆயில் டப்பாவிலும் டிவிஎஸ் கிர்லிங் என்ற பெயரைப் பார்க்காத மெக்கானிக் தென்னாட்டில் இருந்திருக்க முடியாது. ஏற்காட்டிலிருந்து இறங்கும் காரில் தேய்ந்த லைனிங் பெரும்பாலும் பாடியிலோ அம்பத்தூரிலோ வார்த்ததாகவே இருந்தது.

திருப்பம் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. முதலில் வந்த வடிவத்தில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். ஆனாலும் அம்பாசடரின் எடையில் பாதியை ஒட்டியே இருந்த அந்தக் காருக்கு, இறக்கத்தில் கரைக்க வேண்டிய ஆற்றலும் அதே விகிதத்தில் குறைந்தது. மலையில் எடையைக் குறைப்பதைவிடப் பெரிய பிரேக் மேம்பாடு வேறில்லை. பின்னால் வந்த வடிவங்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது; 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவும், அதோடு போட்டிக்கு வந்த மற்றக் கார்களும் முன்பக்க டிஸ்க்கையும் பூஸ்டரையும் சின்னக் காரின் இயல்பாக்கிவிட்டன. 1953இல் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு ஓடிய ஜாகுவார் கார் லே மான் பந்தயத்தை வென்றதும், 1955இல் சிட்ரோயென் டி.எஸ். அதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்ததும் எங்கோ நடந்த செய்திகள். அந்தத் தொழில்நுட்பம் சேலத்து நடுத்தரக் குடும்பத்தின் காருக்கு வந்துசேர முப்பது நாற்பது ஆண்டுகள் ஆயின.

டிஸ்க் ஏன் இறக்கத்துக்கு ஏற்றது என்பதில் மாயம் இல்லை. அது வெட்டவெளியில் சுழல்கிறது. இரண்டு முகமும் காற்றில் ஆறுகின்றன. சூடேறி விரிந்தாலும் தன்னைக் கவ்விப் பிடிக்கும் பேடின் பக்கமாகவே தடிக்கிறதே தவிர விலகிப்போவதில்லை. மழைக்காலத்தில் ஏற்காட்டுச் சாலையில் குறுக்கே ஓடும் தண்ணீரைத் தாண்டினால், டிஸ்க் சில சுற்றுகளில் ஈரத்தை உதறிவிடும்; டிரம்முக்குள் போன தண்ணீர் போக நேரம் பிடிக்கும். பின்சக்கரத்தில் டிரம்மே தொடர்ந்தது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. இறக்கத்தில் பின்சக்கரத்தின் பங்கு மிகக் குறைவு; ஹேண்ட்பிரேக்குக்கு டிரம் எளிதாகவும் உறுதியாகவும் இடம் கொடுக்கிறது.

இவ்வளவும் தொழிற்சாலையே செய்துமுடித்த பிறகுதான் சொந்தக்காரரின் கேள்வி வருகிறது: இதற்கு மேலும் மாற்ற வேண்டுமா? இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒரு தடவை அவசரமாக மிதித்தால் கார் எத்தனை அடியில் நிற்கும் என்பது ஒன்று. மிதித்து மிதித்து இறங்கினால் எத்தனை நேரம் பிடி குறையாமல் இருக்கும் என்பது இன்னொன்று. முதலாவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டயர். இருக்கிற பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் அளவுக்கு வலுவாக இருக்கும்போது, அதைவிடப் பெரிய டிஸ்க் போட்டாலும் நிற்கும் தூரம் குறையாது. தேய்ந்த டயரை மாற்றினால் குறையும். ஏற்காட்டு இறக்கம் கேட்பது இரண்டாவதை.

அதில் முதல் பழுது பெரும்பாலும் எண்ணெயிடம்தான். பட்டறையில் பிரேக் ஆயில் என்று சொல்லும் கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. புதிதாக ஊற்றிய டாட் 3 வகை 205 டிகிரிக்குக் கீழே கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை 230, 155 டிகிரி. டாட் 5.1 வகைக்கு 260, 180. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் திரவம் கொதித்தால் அங்கே ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே பெடல் பஞ்சுபோல அழுந்திக் கீழே போகும், சக்கரத்தில் பிடி இருக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் எண்ணெயை ஐந்து ஆறு ஆண்டுகள் அப்படியே வைத்திருந்து, பின்பு பெரிய டிஸ்க் வாங்க விசாரிப்பது வரிசை தெரியாத செலவு. பழையதை வெளியேற்றி, தயாரிப்பாளர் சொன்ன வகையையோ அதோடு ஒத்துப்போகும் ஒருபடி மேலான வகையையோ ஊற்றி, நான்கு சக்கரத்திலும் காற்று போக பிளீடிங் செய்தால், மலைக்கு வேண்டிய மேம்பாட்டில் கணிசமான பகுதி மிகக் குறைந்த செலவில் முடிந்துவிடுகிறது. சிலிக்கோன் வகையான டாட் 5 மட்டும் இவற்றோடு சேராது. பெயர் ஒற்றுமையைப் பார்த்து அதை ஊற்றிவிடக் கூடாது.

அடுத்தது பேடும் டிஸ்க்கும். எத்தனை தடிமனுக்குக் கீழே தேய்ந்தால் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டும் என்ற எண் பெரும்பாலும் அதன் மீதே பொறித்திருக்கும். லேத்தில் கொடுத்துக் கடைந்து கடைந்து மெலிந்த டிஸ்க்கில் வெப்பத்தை வாங்கிக்கொள்ள இரும்பு குறைந்துவிடுகிறது. சமவெளியில் தெரியாத அந்தக் குறை இறக்கத்தில் தெரியும். பேடில் அதிகச் சூட்டைத் தாங்கும் வகைகள் கிடைக்கின்றன. ஆனால் பந்தயத்துக்கென்று செய்த பேடு குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிப்பதில்லை. காலை ஏழு மணிக்கு மூடுபனியில் ஏற்காட்டு ஏரிக்கரையிலிருந்து கிளம்பும் காருக்கு, முதல் வளைவிலேயே பிடிக்கும் பேடுதான் தேவை. சாலைக்கென்று செய்த, நல்ல கம்பெனியின் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பேடே போதும்.

பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் என்று போவதில் சின்னக் காருக்கு எல்லைகள் பல. 12, 13 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கும் டிஸ்க்கின் அளவு இவ்வளவுதான். பெரிதாக்க வேண்டுமானால் வீலும் டயரும் மாற வேண்டும். காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெய் போதாமல் பெடல் ஆழமாகப் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பிடிப்பின் விகிதம் குலையும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வளைவில் கார் பின்பக்கமாகச் சுழன்றுவிடும். மலையில் அதைவிட மோசமான கோளாறு இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் எல்லாக் கார்களிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதன் கணக்குகள் கம்பெனி பொருத்திய பிரேக்கை வைத்தே அமைத்தவை. அதே மாடலின் உயர்ந்த வகையில் காற்றோட்டத் துளையுள்ள டிஸ்க் வருமானால், அதன் காலிப்பர், தாங்கி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து மாற்றுவது ஓரளவு பொறுப்பான வழி. பின்பக்க டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடுவது பார்க்க அழகாக இருக்கும். ஏற்காட்டு இறக்கத்தில் அதனால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. கொடுக்கும் பணத்துக்கு நியாயமே இல்லை.

சட்டமும் இதில் வருகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. தேய்ந்த பேடை மாற்றுவதும் எண்ணெய் மாற்றுவதும் பராமரிப்பு. அதில் சிக்கல் எழ வாய்ப்பில்லை. பிரேக்கின் அளவையே மாற்றினால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

மலைச்சாலைகளை நிர்வகிப்பவர்கள் வண்டியைவிட ஓட்டும் முறையையும் பாதையையும்தான் அதிகம் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். குறுகிய மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது 1989 முதலே சாலை விதிகளில் இருக்கிறது. நீலகிரியில் கல்லட்டி வழியாக ஊட்டியிலிருந்து இறங்க வெளியூர்க் கார்களுக்குத் தடை போட்டதற்குக் காரணம் அந்தச் சரிவின் செங்குத்தும் தொடர்ந்த விபத்துகளுமே. 36 வளைவுள்ள அந்தப் பாதையில் பிரேக்கை மட்டும் நம்பிய சமவெளி ஓட்டுநர்கள் உயிரிழந்தார்கள். ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாக இன்னொரு சாலை உண்டு. மே மாதக் கோடை விழாவில் நெரிசல் மிகும்போது வண்டிகளை அடிவாரம் வழியாக ஏறவிட்டுக் குப்பனூர் வழியாக இறக்கும் ஏற்பாடு கைகொடுக்கிறது. நெரிசலில் ஊர்ந்து இறங்கும் கார், ஓடும் காரைவிட அதிகமாகப் பிரேக்கைத் தேய்க்கும். ஆற்றுவதற்கு எதிர்க்காற்றும் அதற்குக் கிடைக்காது.

கியர் தானாக மாறும் கார்கள் வந்தபின் பழைய வேதவாக்கு ஒரு தலைமுறைக்கு மறந்தே போகும்போல இருக்கிறது. 2014இல் செலேரியோ காரோடு ஏ.எம்.டி. என்ற தானியங்கி கியர் முறை சின்னக் கார்களுக்கு வந்தது. லீவரை டி நிலையில் போட்டுவிட்டு இறங்கினால் பல கார்கள் மேல்கியருக்குத் தாவிவிடும்; எஞ்சின் பிடிப்பு காணாமல் போகும். கையால் கியர் மாற்றும் வசதி அதிலும் உண்டு, சி.வி.டி. வகையில் எல் என்ற நிலை உண்டு. இறங்கத் தொடங்கும் முன்பே அதில் போட்டுவிட்டால் போதும். பிரேக் மேம்பாட்டுக்கு விலை விசாரிக்கும் பலருடைய காரில், அவர்கள் தொட்டே பார்க்காத இந்த லீவர் ஏற்கெனவே இருக்கிறது.

மின்சாரக் கார் இந்தக் கணக்கையே வேறு பக்கம் திருப்புகிறது. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராகி, அந்த 98 லட்சம் ஜூலில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. டிஸ்க் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. ஆனால் ஏற்காட்டிலேயே இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு கிளம்பினால், நிரம்பிய பேட்டரியால் வாங்கிக்கொள்ள முடியாது. அந்தப் பிடிப்பு குறைந்து, எடை மிகுந்த காரின் முழுப் பாரமும் மறுபடி டிஸ்க்குக்கே வந்துவிடும். மலைமேல் தங்கும் மின்சாரக் கார்க்காரர் எண்பது சதவீத அளவில் சார்ஜை நிறுத்திவிட்டு இறங்குவது அதனால்தான் சரி.